சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய கதைகள்

தங்கமணியிடம் “உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?” என்று யாராவது கேட்டுவிட்டால் போதும். அதைச் செய்து முடித்துவிட்டுத்தான் அடுத்த வேலையைப் பார்ப்பாள். துணிக்கடையில் நின்றுகொண்டிருந்தவள் தொழிற்சாலைக்குப் போனது அப்படித்தான். ஸ்கூட்டி ஓட்டப் பழகியது அப்படித்தான். கணவன் தங்கதுரை போன பிறகு, தனியாக அங்கே இருந்து என்ன செய்யப்போகிறாய் என்று காவேரிப்பட்டினத்துச் சொந்தம் மொத்தமும் கேட்க, ஓசூரை விட்டு நகராமல் உட்கார்ந்துகொண்டதும் அப்படித்தான். ஆகவே புத்தகக் கண்காட்சியில் அந்தக் கடைக்காரர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது.

அவர் நல்லவிதமாகத்தான் ஆரம்பித்தார். பிள்ளை பையனா பெண்ணா, என்ன வயது என்று விசாரித்தார். பெண், பதினொன்று என்றதும் நீதிக்கதைகளில் ஒரு கட்டும் பொது அறிவில் ஒரு கட்டும் எடுத்து முன்னால் வைத்தார். தங்கமணி இரண்டையும் ஓரமாக நகர்த்தினாள். டிராகன் வருகிற கதை வேண்டும், மந்திரக் கதவு திறக்கிற கதை வேண்டும், ஆனால் பதினோரு வயதுக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்றாள். அதெல்லாம் தலையணை மாதிரிப் புத்தகம், பெண்பிள்ளைகள் பயந்துகொள்ளும், உங்களுக்கு எதுக்கும்மா அது என்றார் அவர். அன்று அவள் வீடு திரும்பும்போது ஸ்கூட்டியில் கால் வைக்க இடம் இல்லை.

மகள் பெயர் வினிதா. அவள் படிக்கிற வேகம் தங்கமணிக்கே பயமாக இருந்தது. சாப்பிடும்போது படிப்பாள், தலை வாரும்போது படிப்பாள், வாளியில் தண்ணீர் நிரம்பி வழிகிற வரைக்கும் குழாயடியில் நின்று படிப்பாள். படிப்பதெல்லாம் ஒரே வகைதான். பேசும் மிருகம், பறக்கும் கப்பல், சாபம், மாயக்காடு. அப்பா இறந்த வருஷம் மூன்றாம் வகுப்பில் இருந்தவள், அதற்கப்புறம் பிடித்துக்கொண்ட பழக்கம் இது. அழுதுகொண்டு மூலையில் உட்காராமல் ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டாளே என்று தங்கமணி நிம்மதிப்பட்டிருந்தாள்.

ஆறாம் வகுப்பு முடியப்போகும் நேரத்தில் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு அனுப்பினார்கள். வகுப்பு டீச்சர் விஷயத்தைச் சொன்னார். கிருஷ்ணகிரி மலையில் கிடக்கும் பெரிய பெரிய பாறைகள் எல்லாம் ஒரு காலத்தில் யானைகளாக இருந்தவை என்றும், என்றைக்காவது எழுந்துகொள்ளும் என்றும் வினிதா பக்கத்துப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறாள். அவ்வளவோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அப்பாவுக்கு அந்த யானைகள் எல்லாவற்றின் பெயரும் தெரியும் என்றும் சொல்லியிருக்கிறாள். தெரியும் என்றுதான் சொன்னாளாம், தெரிந்திருந்தது என்று சொல்லவில்லையாம். பிள்ளைக்கு நிஜம் எது கற்பனை எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை, கொஞ்ச நாளைக்கு இந்த மாதிரிப் புத்தகங்களை நிறுத்திப் பாருங்கள் என்றார் டீச்சர்.

பள்ளிக்கூடத்துச் செய்தி காவேரிப்பட்டினத்துக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பது தங்கமணிக்கு இன்றுவரை தெரியாது. அன்றைக்கே பெரியதம்பியிடமிருந்து போன் வந்தது. அவர் தங்கதுரையின் அண்ணன். மாந்தோப்பும் கொஞ்சம் நெல்லுமாக விவசாயம் பார்க்கிறவர். குரலை உயர்த்தாமலே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவார். பிள்ளை பேய்க்கதை படித்துப் படித்துப் புத்தி பேதலித்துப் போயிருக்கிறது, ஷிஃப்டுக்குப் போகிறவள் வீட்டில் பெண்பிள்ளை தானாக வளர்ந்தால் இப்படித்தான் ஆகும், லீவு முடிவதற்குள் டிசி வாங்கி வை, ஊரில் சேர்த்துக்கொள்கிறேன் என்றார். தங்கமணி லீவு வரட்டும், பார்க்கலாம் மாமா என்று சொல்லிப் போனை வைத்தாள். பெரியதம்பி சும்மா மிரட்டுகிறவர் இல்லை. மாமனார் மாமியார் இல்லாத அந்தக் குடும்பத்தில் அவர் சொல்தான் நடக்கும். அவர் வந்து நின்று, பிள்ளையும் சரி என்று தலையாட்டிவிட்டால், தங்கமணி யாரிடம் போய் நியாயம் கேட்பாள்?

ஆகவே அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். புத்தகத்தை நிறுத்த மாட்டாள். எதைச் சாக்காக வைத்துப் பிள்ளையைக் கேட்கிறார்களோ அதையே யாரும் குறை சொல்ல முடியாதபடி செய்துகாட்டுவாள். இனிமேல் வீட்டுக்குள் வருகிற ஒவ்வொரு கதைப் புத்தகத்தையும் முதலில் அவள் படிப்பாள். வயதுக்குத் தகுந்தது என்று அவள் பாஸ் செய்ததுதான் வினிதா கைக்குப் போகும்.

பாஸ் செய்வது அவளுக்குப் புதிதல்ல, அதுதான் அவள் உத்தியோகம். நெடுஞ்சாலையில் கிருஷ்ணகிரிப் பக்கமாக ஒரு தொழிற்சாலையில் இருசக்கர வாகன பிரேக்குக்கான பாகங்களைப் பரிசோதித்து அனுப்புகிற இடத்தில் இருக்கிறாள். சரியான பாகத்துக்குப் பச்சை ஸ்டிக்கர். சந்தேகம் உள்ளதற்கு மஞ்சள், அது தனியாக வைக்கப்பட்டுக் காத்திருக்கும். குறை உள்ளதற்குச் சிவப்பு. சிவப்பு ஒட்டியது பூட்டுப் போட்ட பெட்டிக்குள் போய்விடும், அதை எடுத்து மறுபடி உற்பத்தி வரிசையில் சேர்க்க யாருக்கும் அதிகாரம் கிடையாது. ஒருமுறை அவசரத்தில் ஒரு சூப்பர்வைசர் சிவப்பு ஸ்டிக்கரை உரித்துவிட்டு, அடுத்த நாள் மேலிடத்தில் பதில் சொல்ல முடியாமல் நின்றது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. தங்கமணி காகிதக் கடையில் மூன்று நிறத்திலும் வட்ட ஸ்டிக்கர் வாங்கி வந்தாள்.

படிப்பதற்கு இடம் கம்பெனி பஸ். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். பஸ்ஸில் படிப்பதில் அவளுக்கு இன்னொரு வசதியும் இருந்தது. சூளகிரியைத் தாண்டி ஒரு மேம்பாலம் வரும். தங்கதுரையின் வண்டி மீது லாரி மோதிய இடம் அதுதான். இத்தனை நாளும் அந்த இடம் வரும்போது கண்ணை மூடிக்கொள்வாள். இப்போது புத்தகத்தில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். பாலம் போனதே தெரியவில்லை.

நாற்பதை நெருங்கும் பெண் ஒருத்தி, யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு அட்டையில் டிராகன் போட்ட புத்தகத்தை விரித்து வைத்திருந்தால் பஸ் சும்மா இருக்குமா? முதலில் சிரித்தார்கள். அப்புறம் என்னக்கா கதை என்று கேட்டார்கள். அப்புறம் விடவில்லை. பக்கத்து சீட்டில் நாகரத்னா, பாகலூர்க்காரி, வீட்டில் கன்னடம், பஸ்ஸில் தமிழ், கோபம் வந்தால் தெலுங்கு. பின் சீட்டில் பிரியதர்ஷினி, டிப்ளமோ முடித்து டிரெய்னியாக வந்தவள், இங்கிலீஷ் புத்தகத்தில் தங்கமணி திணறும் இடங்களை அவள்தான் படித்துச் சொல்வாள். இந்த மூன்று பேரும் சேர்ந்து, பதினோரு வயதுப் பெண்ணுக்கு எந்த மாயம் ஆகும், எந்த மாயம் ஆகாது என்று போகவர வழக்கு நடத்தினார்கள்.

வெட்டிய தலைகளைக் கோட்டைச் சுவரில் அடுக்கி வைத்து அழகு பார்க்கும் ராஜாவின் கதையை நாகரத்னா பாதியிலேயே பேடாக்கா, வேணாம், எனக்கே சோறு இறங்காது என்று சொல்லிவிட்டாள். அது சிவப்பு. சூனியக்காரியும் இளவரசனும் பக்கத்துக்குப் பக்கம் முத்தம் கொடுத்துக்கொண்டிருந்த கதைக்கு மஞ்சள், மூன்று வருஷம் கழித்துப் பார்க்கலாம் என்று தீர்ப்பு. பேய் வந்தால் தப்பில்லை, ஆனால் பேய் ஜெயிக்கக் கூடாது என்பது பிரியதர்ஷினியின் கட்சி. பேய் ஜெயித்தாலும் தப்பில்லை, பிள்ளை தனியாக மாட்டிக்கொள்ளக் கூடாது என்பது நாகரத்னாவின் கட்சி. மாயப் பள்ளிக்கூடத்துக்குப் படிக்கப் போகும் எருமைக்கன்றின் கதை ஒன்று எல்லோர் ஆமோதிப்போடும் பச்சை வாங்கியது. வினிதா அதை ஒரே மூச்சில் படித்து முடித்து, சின்னப்பிள்ளைகள் புத்தகம் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள்.

கூடவே இன்னொன்றும் நடந்தது, அதைத் தங்கமணி வெளியே சொல்லவில்லை. மாயக்கதைகளில் பெரும்பாலானவற்றில் பிள்ளைக்கு அப்பா இருப்பதில்லை. ஒன்று முதல் அத்தியாயத்துக்கு முன்னாலேயே செத்திருப்பார், இல்லை மூன்றாம் அத்தியாயத்தில் சாவார். அதற்குப் பிறகுதான் பிள்ளை வீட்டை விட்டுக் கிளம்பும், கதவு திறக்கும், டிராகன் வரும். அப்பா சாகும் வரி வந்ததும் தங்கமணியின் கை தானாகப் பைக்குள் போகும், சிவப்பை எடுக்கும். ரத்தம் இல்லை, பயம் இல்லை, மொழி அருமை, இருந்தாலும் சிவப்பு.

படகோட்டி மகளின் கதை ஒன்று அப்படித்தான் மாட்டியது. ஆற்றில் போகும் மாயப் படகு. படகோட்டி இறந்துவிடுகிறான். துடுப்புப் போட்டாலும் நகராத படகு அது. எந்தத் துறையில் நின்றாலும் யாராவது வந்து படகோட்டியைப் பற்றி ஒரு விஷயத்தை மகளிடம் சொன்னால்தான் அடுத்த துறைக்கு நகரும். தங்கமணி மூன்றாம் அத்தியாயத்திலேயே சிவப்பு ஒட்டிவிட்டாள். ஒட்டினது ஒட்டினதாக இருக்கட்டும், முடிவைக் கேட்காமல் விட மாட்டேன் என்று நாகரத்னா பிடிவாதம் பிடித்ததால் கடைசிவரை படிக்க வேண்டியதாயிற்று. படித்து முடித்த அன்று பிரியதர்ஷினி பின்னாலிருந்து மெதுவாக, அக்கா நீங்க ரிஜெக்ட் பண்றது எல்லாத்துலயும் ஒரே ஒரு விஷயம்தான் இருக்குது என்று ஆரம்பித்தாள். நாகரத்னா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். பேச்சு அதோடு நின்றது.

சிவப்புப் புத்தகங்களை வைக்கப் பூட்டுப் போட்ட பெட்டி வேண்டுமே. வீட்டில் பூட்டு உள்ளது ஒன்றே ஒன்றுதான், பரண்மேல் இருந்த தங்கதுரையின் சூட்கேஸ். அவனுடைய கம்பெனி சட்டை, கைக்கடிகாரம், வண்டிச் சாவிக்கொத்து எல்லாம் அதில் இருந்தன. அவன் போன மாதமே எல்லாவற்றையும் அள்ளி அதில் போட்டுப் பூட்டியிருந்தாள். பார்த்தால் பிள்ளை ஏங்கிவிடும் என்பது அவள் கணக்கு. அவன் பேச்சையும் வீட்டில் எடுப்பதில்லை. வினிதா எடுத்தாலும் அடுப்பில் ஏதோ வைத்த நினைவு தங்கமணிக்கு வந்துவிடும். சிவப்புப் புத்தகங்கள் ஒவ்வொன்றாக அந்தச் சூட்கேஸில், சட்டைக்கு மேல் அடுக்கப்பட்டன. சாவி அரிசி டப்பாவுக்குப் பின்னால்.

தப்பு எங்கே நடந்தது என்று இப்போது நமக்குத் தெரிகிறது. பரிசோதனை வேலையில் இருக்கிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. என்ன குறை இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, குறை இல்லாததெல்லாம் நல்லதாகத் தெரியும். பிள்ளைக்கு எது வேண்டும் என்று அவள் ஒரு நாளும் கேட்கவில்லை.

பெரியதம்பி சொன்னபடி வந்தார். பள்ளி திறக்க இரண்டு வாரம் இருக்கையில், ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒரு மூட்டை மாம்பழத்தோடு. தங்கமணி கறிக்குழம்பு வைத்தாள். சண்டை போடப்போகிறவருக்கும் சோறு போடுவதில் அவள் குறை வைக்க மாட்டாள். சாப்பாட்டுக்கு முன்னால் கை கழுவப் போனவர், உள் அறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த வினிதாவைப் பார்த்தார். என்ன படிக்கிறாய் என்று வாங்கிப் பார்த்தார். புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டே சமையலறை வாசலுக்கு வந்தார். அட்டையின் மூலையில் சிவப்பு வட்டம். படகோட்டி மகளின் கதை.

“ஏம்மா தங்கமணி, இத நீ ஒட்டினதுதான? உங்க கம்பெனியில சிவப்புன்னா தள்ளுபடின்னு தம்பி சொல்லியிருக்கான், எனக்குத் தெரியும். நீயே வேணாம்னு தள்ளினத புள்ள உக்காந்து படிச்சுக்கினு இருக்குது. நீ வேலைக்குப் போனா இந்த வூட்ல நடக்கறது இதான்.”

எந்தச் சாக்கும் கிடைக்கக் கூடாது என்று அவள் ஒட்டிய ஸ்டிக்கரே அவருக்குச் சாட்சி ஆகிவிட்டது. பூட்டு எப்படித் திறந்தது என்பது ஒரு பக்கம், என்ன பதில் சொல்வது என்பது இன்னொரு பக்கம். பிள்ளை கைவிட்டுப் போகிறது என்று தங்கமணி பயந்தாள். அந்தப் பயத்தில் அவள் மகளைத்தான் அதட்டினாள். யாரைக் கேட்டுப் பெட்டியைத் திறந்தாய், திருட்டுத்தனமாகப் புத்தகம் எடுக்கிற அளவுக்கு வந்துவிட்டதா என்றாள்.

வினிதா அறையை விட்டு வெளியே வந்தாள். அழவில்லை. அம்மாவின் அதே முகம், அதே மூக்கு விடைப்பு.

“நான் புக்கு எடுக்கப் போகலம்மா. அப்பா சட்டைய எடுக்கப் போனேன். சாவி அரிசி டப்பா பின்னால இருக்கறது எனக்குத் தெரியும், ரொம்ப நாளா எடுத்துப் பாத்துட்டு மடிச்சு வெச்சிடுவேன். போன மாசத்துலேர்ந்துதான் அதுமேல புக்கா இருக்குது. எல்லாத்துலயும் சிவப்பு. எதுக்குன்னு ஒவ்வொண்ணா படிச்சுப் பாத்தேன். ஒண்ணத் தவிர எல்லாத்துலயும் அப்பா செத்துப்போறாங்க.” பெரியப்பா கையிலிருந்த புத்தகத்தின் சிவப்பு வட்டத்தைப் பார்த்தாள். “அப்பா செத்துப்போன புள்ளைங்க எல்லாம் ரிஜெக்ட்டாம்மா? அப்ப நானு?”

குழம்பு கொதித்து அடுப்பில் வழிந்தது. இந்த முறை உண்மையாகவே அடுப்பில் ஏதோ இருந்தும் தங்கமணி அந்தப் பக்கம் திரும்பவில்லை. நடுவீட்டில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். 

வினிதாவே தொடர்ந்தாள். அந்தப் புத்தகத்தில் படகு போகிற இடமெல்லாம் அந்தப் பெண்ணிடம் அவள் அப்பாவைப் பற்றிச் சொல்கிறார்கள். ஒருவர் அவன் சாப்பிடும் விதத்தைச் சொல்கிறார், ஒருவர் அவன் திட்டியதைச் சொல்கிறார். இங்கே யாரும் எதுவும் சொல்வதில்லை. கேட்டால் அம்மா எழுந்து போய்விடுகிறாள். பெரியப்பா வீட்டுக்குப் போனால் அங்கேயும் பேச்சை மாற்றுகிறார்கள். இதைச் சொல்லிவிட்டு அவள் பெரியதம்பியின் கையிலிருந்த புத்தகத்தை வாங்கிக்கொண்டாள்.

பெரியதம்பி இன்னும் வாசலிலேயே நின்றிருந்தார். புத்தகம் போன பிறகும் கை அப்படியே நீட்டியபடி இருந்தது. பிறகு அவர் பேசிய குரல் தங்கமணி கேட்டிராத குரல்.

“எல்லாம் இந்தக் கதையால வந்ததுதாம்மா. உனக்குத் தெரியாது. தம்பி போன அன்னிக்கு சாயங்காலம் இருட்டப் போவுது, மழை வேற வருது, தங்கிட்டுக் காலைல போடான்னு நாந்தான் சொன்னேன். கேக்கல அவன். காலைல பாப்பாவ ஸ்கூல்ல வுடணும், யானைக் கதை பாதியில நிக்குது, சொல்லலைன்னா கடிச்சு வெச்சிடுவான்னு சிரிச்சுக்கினே வண்டிய எடுத்தான். கதை சொல்லத்தாம்மா கிளம்பினான். கதைன்னு எங்க கேட்டாலும் எனக்கு வயிறு எரியுது.”

மூன்று வருஷமாக அவர் அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். சொல்லி முடித்ததும் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தங்கமணிக்கு அவர்மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. கதை சொல்லிக்கொண்டே பள்ளிக்கூடம் போனார்கள் என்பதே அவளுக்கு இப்போதுதான் தெரியும். பைக்கில் முன்னால் உட்கார்ந்து போகும் பிள்ளை திரும்பித் திரும்பி அவன் முகத்தைப் பார்ப்பதை மாடியிலிருந்து பார்த்திருக்கிறாள், ஏதோ செல்லம் கொஞ்சுகிறார்கள் என்று நினைத்திருக்கிறாள்.

வினிதா பெரியப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ரொம்பவும் நிதானமாகக் கேட்டாள்.

“அப்பா சிரிச்சுக்கிட்டேவா சொன்னாங்க?”

அவர் துண்டுக்குள்ளிருந்தே தலையாட்டினார். வினிதாவின் கண்ணில் அப்போதுதான் தண்ணீர் வந்தது. துடைக்காமல் விட்டாள்.

தங்கமணி எழுந்தாள். அடுப்பை அணைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறிப் பரண்மேலிருந்து சூட்கேஸை இறக்கினாள். நடுவீட்டில் வைத்துத் திறந்தாள். ஒவ்வொரு புத்தகமாக எடுத்துச் சிவப்பு ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி உரித்தாள். சிலது சுலபமாக வந்தது, சிலது அட்டையையும் கொஞ்சம் பிய்த்துக்கொண்டு வந்தது. தொழிற்சாலையில் இதைச் செய்தால் வேலை போய்விடும். உரித்துக்கொண்டே, முகத்தைத் தூக்காமல், மகளுக்குச் சொன்னாள். அப்பாவுக்கு அடிபட்டது சூளகிரி தாண்டி அந்த மேம்பாலத்தில், தினமும் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன், இதுவரை ஒரு நாளும் வெளியே பார்த்ததில்லை. உங்கள் அப்பாவுக்குச் சோற்றில் முதலில் ரசம் வேண்டும், அப்புறம்தான் குழம்பு, எல்லோரும் சிரிப்பார்கள். தங்கதுரை, தங்கமணி என்று கல்யாணப் பத்திரிகையில் பார்த்துவிட்டு நகைக்கடை திறக்கிறீர்களா என்று ஊரே கேட்டது. சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது. இவ்வளவையும் எங்கே வைத்திருந்தாள் என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

கடைசியாக அடியில் இருந்தது தலைகளை அடுக்கும் ராஜாவின் கதை. அதை எடுத்ததும் அவள் கை நின்றது. உரிக்கவில்லை. என்ன இருந்தாலும் இது இந்த வயதுக்கு ஆகாது, இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று மகளிடம் சொன்னாள்.

“அத நானே பாதியில மூடி வெச்சுட்டேம்மா. வெட்டிக்கிட்டே இருக்காங்க, ஆனா செத்தவங்களுக்காக ஒருத்தர்கூட அழல. எனக்குப் பிடிக்கல.”

பஸ்ஸில் எத்தனை நாள் வழக்கு நடத்தியும் மூன்று பெண்களுக்குக் கிடைக்காத அளவுகோல் அது. தங்கமணி அந்தப் புத்தகத்தைத் தனியாக எடுத்து வைத்தாள். சட்டையை உதறி, ஹாங்கரில் மாட்டி, வாசற்கதவுக்குப் பக்கத்தில் அவன் மாட்டுகிற அதே ஆணியில் தொங்கவிட்டாள். வருகிறவர் போகிறவர் எல்லோர் கண்ணிலும் படுகிற இடம் அது. படட்டும்.

பிறகு பெரியதம்பியைப் பார்த்துத் திரும்பினாள். மரியாதை குறையாமல்தான் சொன்னாள்.

“டிசி வாங்க மாட்டேன் மாமா. எம் பொண்ணு இங்கதான் படிப்பா. கதையும் படிப்பா. நீங்க எப்ப வேணா வாங்க, அவங்க அப்பாவப் பத்திச் சொல்லுங்க. கூட்டிட்டுப் போறேன்னு மட்டும் வராதீங்க.”

பெரியதம்பி சாப்பிட உட்கார்ந்தார். தங்கமணி இலையில் சோறு போட்டுக் குழம்பை எடுக்கப் போக, வேண்டாம் முதலில் ரசம் ஊற்று என்றார். மூன்று பேரும் அன்று அப்படித்தான் சாப்பிட்டார்கள்.

மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பியவர், வாசலில் செருப்பு மாட்டும்போது சட்டையின் கையை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். படியிறங்கப் போனவர் நின்று, வினிதாவைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டே, அந்த யானைக் கதை எங்கே பாதியில் நின்றது என்று கேட்டார்.

வினிதா கதவில் சாய்ந்து நின்றுகொண்டு யோசித்தாள்.

“இப்ப சொல்ல மாட்டேன் பெரியப்பா. அடுத்த ஞாயித்துக்கிழமை வாங்க, அப்பாவப் பத்தி ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. அப்ப சொல்றேன்.”